திரையின் அகலம் நமக்குத் தெரியாது

ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக நான் வடிவமைத்திருந்த பதிவுப் படிவத்தைப் பெரியம்மா தன் கைப்பேசியில் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று எல்லாவற்றையும் நிதானமாகத் தட்டச்சு செய்து முடித்தவர், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். 'சமர்ப்பிக்கவும்' என்ற பொத்தான் அவருடைய திரையில் இல்லவே இல்லை. பார்வைக் குறைவு காரணமாக அவர் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்திருந்தார். கைப்பேசியைப் படுக்கவாட்டில் திருப்பினார். மேலே ஒட்டிக்கொண்டிருந்த தலைப்புப் பட்டை திரையின் பாதியை அடைத்துக்கொண்டது. இரு விரல்களால் பக்கத்தை விரித்தும் சுருக்கியும் பார்த்தார். அதற்கும் பக்கம் அசையவில்லை. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "நான்தான் எங்கயோ தப்பா தொட்டுட்டேன் போலப்பா" என்றார்.

அவர் எதையும் தப்பாகத் தொடவில்லை. தவறுகள் மூன்றும் என்னுடையவை. படிவம் முழுவதையும் திரையின் உயரத்துக்குச் சரியாக அடங்கும் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தாண்டுவது எதுவானாலும் மறைந்துபோகும்படி எழுதியிருந்தேன். என் கைப்பேசியின் இயல்பான எழுத்தளவில் பொத்தான் வரை எல்லாமே அடங்கிவிட்டதால், எழுத்து பெரிதாகும்போது முதலில் காணாமல் போவது பொத்தான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. தலைப்புப் பட்டையை மேலே நிலையாக நிறுத்தியபோது, நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். 'பயனர் பக்கத்தைப் பெரிதாக்கக் கூடாது' என்னும் கட்டளையை, எங்கோ பார்த்த மாதிரி நிரலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். ஐபோனின் சஃபாரி, 2016இல் வந்த ஐஓஎஸ் 10 முதல் அந்தக் கட்டளையைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்ட்ராய்டில் குரோமோ, பயனரே அமைப்புகளுக்குள் போய் மாற்றாத வரை, அதற்குக் கீழ்ப்படிகிறது. பெரியம்மாவிடம் இருந்தது ஆண்ட்ராய்டு.

அதுவரை நான் செய்துவந்ததை இணையதள வடிவமைப்பு என்பதைவிட, மூன்று படங்கள் வரைவது என்றே சொல்ல வேண்டும்: 375 பிக்சல் அகலத்தில் கைப்பேசிக்கு ஒன்று, 768இல் டேப்லெட்டுக்கு ஒன்று, 1440இல் கணினிக்கு ஒன்று. மூன்றும் அந்தந்த அகலத்தில் கச்சிதமாக இருக்கும். ஆனால் வாசகர் அந்த மூன்று அகலங்களில் வந்து நிற்பதில்லை. அவர் 360இல் வருகிறார், 412இல் வருகிறார், திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் நம் பக்கத்தையும் மறுபாதியில் வேறொன்றையும் திறந்துவைத்துக்கொண்டு வருகிறார், மடிக்கும் கைப்பேசியை விரித்தும் மடித்தும் வருகிறார், பெரியம்மாவைப் போல எழுத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டு வருகிறார். திரையின் அகலம் நமக்குத் தெரியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் இந்த வேலையே தொடங்குகிறது. அதன்பிறகு நாம் எழுதுவது படம் அல்ல, எந்த இடத்தில் எது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் விதிகள்.

இணையம் பிறந்தபோது இப்படித்தான் இருந்தது. 1991இல் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் இணையப் பக்கத்தின் பிரதி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கணினியில் அதைத் திறந்து உலாவிச் சாளரத்தை எவ்வளவு குறுக்கினாலும் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும், எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் தன்னளவில் நீரைப் போன்றது, ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்வது. அதை உறைய வைத்தவர்கள் வடிவமைப்பாளர்களாகிய நாம். 1024 பிக்சல் அகலத் திரைகள் பரவலாக இருந்த காலத்தில், உருட்டுப் பட்டைக்கும் ஓரங்களுக்கும் இடம் விட்டு, 960 பிக்சல் என்று பக்கத்தின் அகலத்தை நிலையாக வைப்பது வழக்கமானது. 960ஐ 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என எதனாலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதால் நெடுவரிசைகளைப் பிரிப்பதும் எளிதாக இருந்தது. அச்சுத் தாளில் வேலை செய்து பழகிய கைகளுக்கு அந்த உறுதி பிடித்திருந்தது என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

2007இல் ஐபோன் வந்தபோது அதன் திரை 320 பிக்சல் அகலமே இருந்தது, பக்கங்களோ 960இல் உறைந்திருந்தன. ஆப்பிள் அதற்குக் கண்ட வழி சாமர்த்தியமானது: சஃபாரி உலாவி, தன் திரை 980 பிக்சல் அகலம் உடையது என்று பாவனை செய்துகொண்டு பக்கத்தை அமைத்து, பிறகு அதை முழுவதுமாகச் சுருக்கிக் காட்டியது. பக்கம் உடையவில்லை, ஆனால் எழுத்து எறும்பளவு ஆனது. கூடவே ஆப்பிள் ஒரு வாசலையும் திறந்து வைத்தது. 'பாவனை வேண்டாம், கருவியின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்' என்று பக்கமே உலாவியிடம் சொல்வதற்கான வரி அது. மற்ற உலாவிகளும் ஏற்றுக்கொண்ட அந்த வியூபோர்ட் மெட்டா வரி, இன்று ஏறக்குறைய எல்லாப் பக்கங்களின் தலைப்பகுதியிலும் இருக்கிறது. கணினியில் அழகாக மடங்கும் அந்த முதல் இணையப் பக்கம்கூட, இந்த வரி இல்லாமையால் கைப்பேசியில் பொடிப்பொடியாகத் தெரிவதைப் பார்த்தால் வரியின் அருமை விளங்கும். அந்த வரியில் இரண்டே செய்திகள் போதும்: அகலம் கருவியின் அகலம், தொடக்கப் பெருக்கம் ஒன்று. அதிகபட்சப் பெருக்கம் இவ்வளவுதான் என்றோ, பயனர் பெரிதாக்கக் கூடாது என்றோ அதோடு ஒட்டிவரும் எதையும் இப்போது நான் கண்ணில் பட்டவுடன் நீக்கிவிடுகிறேன்.

இங்கே பிக்சல் என்னும் சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள். 2010இல் வந்த ஐபோன் 4இன் திரையில் குறுக்காக 640 புள்ளிகள் இருந்தன. ஆனாலும் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அதன் அகலம் பழையபடி 320தான். நாம் எழுதும் ஒரு பிக்சலை அந்தத் திரை நான்கு புள்ளிகளால் வரைந்தது, அவ்வளவே. ஆக, சிஎஸ்எஸ் பிக்சல் என்பது கண்ணாடிக்கு அடியில் இருக்கும் விளக்குப் புள்ளி அல்ல. பார்க்கும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிய வேண்டிய அலகு. கைப்பேசி விளம்பரத்தில் போட்டிருக்கும் புள்ளிக் கணக்கைப் பார்த்துத் தளத்தை அமைக்க முடியாது.

கைப்பேசிக்கென்று தனித் தளம், கணினிக்கென்று தனித் தளம் என்று இரண்டாகக் கட்டிய காலமும் இருந்தது. கைப்பேசியிலிருந்து ஒருவர் பகிர்ந்த இணைப்பைக் கணினியில் திறந்தால், அகலமான திரையின் நடுவே நூல் போன்ற ஒற்றை வரிசை வந்து நிற்கும். இந்தச் சிக்கலுக்கு 2010 மே மாதத்தில் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் ஒரு கட்டுரையில் தீர்வு சொன்னார். விகிதத்தில் விரியும் கட்டங்கள், கொள்கலத்தைத் தாண்டாத படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டறியும் மீடியா குவெரிகள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே பக்கத்தை எல்லாத் திரைகளுக்கும் பொருத்தலாம் என்று காட்டி, அதற்கு ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்று பெயரும் வைத்தார். மனிதர்களின் இருப்புக்கேற்ப மாறும் கட்டடங்களைப் பற்றிக் கட்டடக் கலையில் நடந்த சிந்தனையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல் அது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே இன்னொரு வடிவமைப்பாளரான லூக் ரோப்லெவ்ஸ்கி, கைப்பேசிக்கு முதலில் வடிவமைத்துவிட்டு அங்கிருந்து பெரிய திரைக்குப் போகலாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்ததே இன்று நாம் செய்யும் வேலை.

குறுகிய திரையிலிருந்து தொடங்குவதை வெறும் நிரல் எழுதும் வரிசையாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிஎஸ்எஸ்ஸில் அடிப்படை விதிகளைக் குறுகிய திரைக்கு எழுதி, அகலம் கூடக் கூட விதிகளைச் சேர்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒற்றை நெடுவரிசையில் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியாக வேண்டும் என்னும்போது, எது முதலில், எது பிறகு, எது தேவையே இல்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. அகலத் திரையில் முடிவெடுக்க முடியாத எதையும் வலப்பக்க ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். குறுகிய திரையில் ஓரம் என்று ஒன்று கிடையாது. நிறுவனத்தாரோடு உட்கார்ந்து பேசும்போது நான் இப்போது முதலில் காட்டுவது, வண்ணமோ வடிவமோ இல்லாத, வெறும் எழுத்தாலான ஒற்றை வரிசையைத்தான். அதில் அவர்களுடைய முகவரியும் வேலை நேரமும் பன்னிரண்டாவது இடத்தில் இருப்பதைப் பார்த்தவுடன் அவர்களே மேலே கொண்டுவரச் சொல்கிறார்கள்.

அங்கிருந்து பிரேக்பாயிண்ட், அதாவது பக்கத்தின் அமைப்பு மாற வேண்டிய அகலம், எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. கருவிகளின் அகலத்தைப் பார்த்து வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 768 என்பது முதல் ஐபேடின் அகலம். அந்த எண் இன்னும் எத்தனையோ தளங்களில் காரணம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் செய்வது இதுதான்: உலாவிச் சாளரத்தை 320இல் தொடங்கி மெதுவாக அகட்டிக்கொண்டே போவேன். ஏதோ ஓர் அகலத்தில் வரி கண்ணுக்கு நீண்டுவிடும், அல்லது பக்கத்தில் வெறுமை தெரியும், அல்லது இரண்டு அட்டைகள் (தகவலைத் தாங்கும் பெட்டிகள்) அருகருகே நிற்க இடம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். அந்த இடம்தான் பிரேக்பாயிண்ட். அது 543ஆக இருந்தாலும் சரி, 871ஆக இருந்தாலும் சரி. அந்த எண்ணைப் பிக்சலில் எழுதாமல், எழுத்தளவை அடிப்படையாகக் கொண்ட இஎம் அலகில் எழுதினால், உலாவியில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பவருக்கு அந்தப் பெரிய எழுத்தைக் கொண்டே கணக்கு நடக்கும். எழுத்துக்கு இடம் போதாத திரையில் இரண்டு நெடுவரிசைகள் வந்து முட்டிக்கொள்ளாது.

பல இடங்களில் பிரேக்பாயிண்டே வேண்டியதில்லை. 'ஒவ்வோர் அட்டையும் குறைந்தது 16 ரெம் அகலம் இருக்கட்டும், எத்தனை அடங்குமோ அத்தனையை அடுக்கு' என்று சிஎஸ்எஸ்ஸின் கட்ட அமைப்பான கிரிட்டிடம் சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒரு ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் சில வார இடைவெளியில் கிரிட் வந்து சேர்ந்தது. அதற்கு முன் இதே வேலைக்கு நாங்கள் எழுதிய கணக்குகளை நினைத்தால் பெருமூச்சு வருகிறது. தலைப்பின் எழுத்தளவையும் கிளாம்ப் கொண்டு, இதற்குக் குறையாமல் அதற்கு மிகாமல் திரையோடு சேர்ந்து வளரும்படி செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எழுத்தளவைத் திரை அகலத்தின் விழுக்காடாக மட்டும் எழுதினால், பயனர் உலாவியின் பெருக்கத்தைக் கூட்டினாலும் எழுத்து பெரிதாகாது. அதோடு ரெம் அளவு ஒன்றையும் கூட்டி எழுத வேண்டும்.

பக்கவாட்டு உருட்டல் என்னும் தொல்லையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் பக்கத்தைக் கீழே தள்ளும்போது அது இடமும் வலமும் லேசாக ஆடும். வலது ஓரத்தில் வெள்ளைக் கீற்று ஒன்று தெரியும். இதைப் பார்த்தவுடன், பக்கவாட்டில் வெளியே போவதை மறைத்துவிடு என்று உடல் பகுதிக்கு ஒரு வரி எழுதி மூடிவிடுகிறார்கள். ஆட்டம் நிற்கும். ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது பொத்தானாக இருந்தால் அதுவும் மறைந்துவிடும். அண்மையில் ஒரு பக்கத்தில் இதே ஆட்டம் வந்தபோது, பக்கத்தின் எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு வெளிக்கோடு போட்டுவிட்டு, 320 பிக்சலில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு நெடுவரிசை அட்டைகள் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கட்டம் மட்டும் ஓரத்தைத் தாண்டியிருந்தது. கணக்குப்படி இரு ஓரங்களுக்கும் தலா 16, நடு இடைவெளிக்கு 16 போக, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 136 பிக்சல் கிடைக்க வேண்டும். அட்டையின் தலைப்போ 'முன்பதிவுசெய்யப்பட்டவை'. கிரிட்டில் 'ஒரு பங்கு' என்று எழுதினால் மீதமுள்ள இடத்தைச் சரிபாதியாகப் பிரித்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த நெடுவரிசை, தன்னுள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகச் சம்மதிக்காது. சிஎஸ்எஸ்ஸின் இன்னோர் அடுக்கும் முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸிலும் இதே இயல்பு உண்டு. குறைந்தபட்ச அகலம் சுழியம் என்று வெளிப்படையாக எழுதி, சொல் இடம் போதாவிட்டால் உடையலாம் என்று அனுமதியும் கொடுத்தால் சிக்கல் தீரும். மறைக்கும் வரி எழுதியிருந்தால் இந்தக் காரணம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அந்தத் தலைப்பு தமிழாக இருந்தது தற்செயல் அல்ல. இணைய வடிவமைப்பின் பாடங்களும் மாதிரிகளும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே எழுதப்படுகின்றன. குறுகிய திரையில் தமிழ் நடந்துகொள்ளும் விதம் வேறு. நம் மொழியில் விகுதிகளும் துணைவினைகளும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் நான்கு சொற்களாக நிற்பது இங்கே 'ஒருங்கிணைக்கப்பட்டிருக்கிறது' என்று ஒற்றைச் சொல்லாக நீள்கிறது. உலாவி இடைவெளி உள்ள இடத்தில்தான் வரியை மடக்கும். எனவே குறுகிய நெடுவரிசையில் ஒரு வரி பாதியில் நின்று அடுத்த வரி நிரம்பி வழியும். இருபக்கமும் ஓரங்களைச் சமப்படுத்தும் அமைப்பைக் கைப்பேசியில் தமிழுக்குப் போட்டால், சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழுந்து படிக்கவே முடியாது. இடப்பக்கம் ஒழுங்குபடுத்தி வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுவதே நல்லது. சொல்லை உடைக்க அனுமதிப்பது தமிழுக்கு அவமதிப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இணைப்புக்கோடு போடாமல் சொல்லை வரிக்கடைசியில் உடைத்து அடுத்த வரியில் தொடர்வதை அச்சுத் தமிழில் எவ்வளவோ இடங்களில் பார்த்துப் பழகியிருக்கிறோம். எழுத்துக்கு நடுவே உடையாமல் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே உடைந்தால் கண் தடுமாறுவதில்லை.

வரி உயரமும் அப்படித்தான். ஆங்கிலத் தலைப்புகளுக்கு வரி உயரம் ஒன்று என்று இறுக்கமாக வைத்து, வழிவதை மறைக்கும் அமைப்புகள் பல உண்டு. தமிழில் மேலே புள்ளியும் இகரக் குறியும் ஏறுகின்றன, கீழே உகர ஊகாரக் கீற்றுகள் இறங்குகின்றன. அந்த இறுக்கத்தில் புள்ளி வெட்டுப்பட்டால் எழுத்தே மாறிவிடும்: 'பக்கம்' என்று எழுதியது 'பககம' என்று தெரியும். உரைக்கு 1.6 அல்லது 1.7, தலைப்புக்கு 1.35க்குக் குறையாமல் என்று நான் வைத்துக்கொள்கிறேன். பொத்தான்களுக்கு உயரத்தையோ அகலத்தையோ நிலையாகக் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் எழுத்தைச் சுற்றி இடம் மட்டும் கொடுக்கிறேன், இரண்டு வரியானாலும் பொத்தான் தானே வளர்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது, இடம் போதாதபோது வரியை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் பழக்கம். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்பே வந்துவிடும். வரியின் வால் போனாலும் செய்தியின் திசை பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது, மறுப்பு அந்த வினைமுற்றின் வாலில் வருகிறது. 'உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்ப…' என்று குறுகிய திரையில் ஒரு வரி நின்றால், அது 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்பதா, 'ஏற்றுக்கொள்ளப்படவில்லை' என்பதா? வெட்டுப்பட்ட இடம் வரை இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அகலத் திரையில் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. நிலையைச் சொல்லும் வரிகளை எந்தத் திரையிலும் வெட்டுவதில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன். இடம் மிகவும் குறைவு என்றால் 'ஏற்பு', 'மறுப்பு' என்று ஒற்றைச் சொல்லை முன்னால் கொண்டுவந்துவிடுவேன்.

படங்களைப் பற்றி ஒரே கணக்கைச் சொன்னால் போதும். கேமராவிலிருந்து வந்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, திரைக்கு மேல் போகாதே என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதினால் தோற்றம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 360 அகலமும் மும்மடங்கு அடர்த்தியும் உள்ள கைப்பேசிக்குத் தேவை 1080 பிக்சல் அகலப் படம். நாம் அனுப்புவதோ அதைப் போல ஏறக்குறைய 14 மடங்கு பிக்சல்களை. பல அளவுகளில் படத்தைத் தயாரித்து, எச்டிஎம்எல் படக் குறியின் சோர்ஸ்செட் பண்பில் பட்டியலிட்டு, பக்கத்தில் அந்தப் படம் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சைசஸ் பண்பில் சொல்லிவிட்டால் உலாவியே பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும். சிஎஸ்எஸ் வந்து சேரும் முன்பே உலாவி படங்களைத் தருவிக்கத் தொடங்கிவிடுவதால்தான் இதை எச்டிஎம்எல்லிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிடுவதும் அவசியம். குறிப்பிடாவிட்டால், படம் வந்து விழும் கணத்தில் கீழே படித்துக்கொண்டிருந்த வரி எங்கோ தள்ளிப்போகும், அல்லது விரல் ஒன்றைத் தொடப்போய் வேறொன்றைத் தொட்டுவிடும்.

விரலுக்கான இடத்தைப் பற்றி ஆப்பிள் தன் அலகில் 44 என்கிறது, ஆண்ட்ராய்டு தன் அலகில் 48 என்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை நெறிகளில் 2023இல் வந்த 2.2 பதிப்பு, சில விதிவிலக்குகள் தவிர 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்று அடித்தளம் போட்டிருக்கிறது. நான் 48ஐப் பின்பற்றுகிறேன். படிவங்களில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனின் சஃபாரி அந்தப் பெட்டியைத் தொட்டவுடன் பக்கத்தைத் தானே பெரிதாக்கிவிடும். பலர் பெரிதாக்கலைத் தடுக்கும் அந்தப் பாழான கட்டளையைச் சேர்ப்பது இதற்காகத்தான். எழுத்தை 16 ஆக்கினால் போதும், யாரையும் தடுக்க வேண்டியதில்லை. தொலைபேசி எண்ணுக்கு எண் விசைப்பலகை வரும்படி செய்வதும், பெயரையும் முகவரியையும் உலாவியே நிரப்ப அனுமதிப்பதும் ஒவ்வொன்றும் ஒரு வரி வேலை.

பெரியம்மாவின் பொத்தானைத் தொலைத்த உயரக் கணக்குக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. '100 விஎச்' என்று எழுதினால் திரையின் முழு உயரம் என்று தோன்றும். கைப்பேசி உலாவிகளோ முகவரிப் பட்டை மறைந்த நிலையில் கிடைக்கும் உயரத்தையே அதற்குக் கணக்கிடுகின்றன. பட்டை தெரியும்போது அடிப்பகுதி அதற்குப் பின்னால் போய்விடும். 2022 முதல் உலாவிகளில் வந்திருக்கும் டிவிஎச் (அந்தக் கணத்தில் உள்ள உயரம்), எஸ்விஎச் (பட்டை தெரியும்போது உள்ள உயரம்) அலகுகள் இதைச் சரிசெய்கின்றன. ஆனால் அலகை மாற்றியது மட்டும் என் படிவத்தைக் காப்பாற்றியிருக்காது. திரை உயரத்தை அதிகபட்சமாக வைக்காமல் குறைந்தபட்சமாக வைத்து, எழுத்து பெரிதானால் பெட்டியும் வளரட்டும், பக்கம் உருளட்டும் என்று விட்டதுதான் உண்மையான திருத்தம். தலைப்புப் பட்டையை, திரையின் உயரம் குறைவாக இருந்தால் ஒட்டாமல் உருண்டு போகும்படி மாற்றினேன். மீடியா குவெரியால் அகலத்தை மட்டுமல்ல, உயரத்தையும் கேட்கலாம் என்பதை ஏனோ பலர் மறந்துவிடுகிறோம்.

கன்டெய்னர் குவெரிகள் 2023 தொடக்கத்தில் முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்டன. ஓர் அட்டை தன்னைத் திரையின் அகலத்தைப் பார்த்து அல்லாமல், தான் வைக்கப்பட்ட இடத்தின் அகலத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள அவை உதவுகின்றன. ஒரே அட்டையை அகன்ற நடுப்பகுதியிலும் ஒடுங்கிய ஓரத்திலும் பயன்படுத்துபவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

சோதிப்பதற்கு, உலாவியின் உள்ளே இருக்கும் கைப்பேசி மாதிரியை நான் தொடக்கத்துக்கு மட்டும் நம்புகிறேன். அதில் உண்மையான விசைப்பலகை பாதித் திரையை மறைப்பதில்லை, முகவரிப் பட்டை வந்து போவதில்லை, கட்டைவிரல் எட்டாத மூலை என்று ஒன்றும் இல்லை. கணினியில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை வேறொன்று: 1280 பிக்சல் அகலச் சாளரத்தில் பெருக்கத்தை 400 விழுக்காடாக்கினால் பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல். அந்த அகலத்தில் உரையைப் படிக்கப் பக்கவாட்டில் உருட்ட வேண்டிய நிலை வரக் கூடாது என்பதை அதே அணுகல்தன்மை நெறிகளில் 2018இல் வெளிவந்த 2.1 பதிப்பு நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. சிறிய கைப்பேசிக்காரருக்கும், பார்வை குறைந்து கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கும் தேவை ஒன்றே என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடுகிறது. என் மேசையில் இப்போது எழுத்தளவை எல்லை வரை கூட்டிய பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. எதையும் வெளியிடும் முன் அதில் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பொத்தான் வரை ஒருமுறை நானே நிரப்பிப் பார்க்கிறேன்.

எனக்கு இன்னும் மனநிறைவு தராதவை அகன்ற அட்டவணைகள். ஒவ்வொரு வரிசையையும் தனி அட்டையாக்கிக் கீழ்க்கீழாக அடுக்கினால் திரைக்குள் அடங்கும், ஆனால் இரண்டு வரிசைகளை ஒப்பிடுவதற்காகவே அட்டவணையைத் திறந்தவருக்கு அது பயன்படாது. அட்டவணையை மட்டும் பக்கவாட்டில் உருளும் பெட்டிக்குள் வைத்து, முதல் நெடுவரிசையை நிலையாக நிறுத்தி, வலது ஓரத்தில் ஒரு நெடுவரிசை பாதி வெட்டுப்பட்டுத் தெரியும்படி விடுகிறேன். மேலும் இருக்கிறது என்பதை அந்தப் பாதி நெடுவரிசையே சொல்லிவிடுகிறது. எழுத்து மிகப் பெரிதாக இருக்கும்போது, நிலையாக நின்ற முதல் நெடுவரிசையே திரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அந்த நிலையில் அதன் பிடியை விட்டு, அதையும் மற்றவற்றோடு உருள விடலாமா என்றுதான் இந்த வாரம் பெரியம்மாவின் கைப்பேசியை வாங்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.